நெளியட்டையின் விறைப்பைக் கணக்கிட்டுத் தரும் அம்பத்தூர்ச் சேவை: ஒரு வாடிக்கையாளரின் மதிப்புரை

சென்னையில் அட்டைப்பெட்டி வாங்குவோர் பலர் இன்றும் "ஐந்து பிளை, 150 ஜி.எஸ்.எம்., 18 பி.எஃப்." என்று ஒரே வரியில் ஆர்டர் எழுதிவிட்டு, விலை பேசுவதிலேயே முழுக் கவனத்தையும் செலுத்துகிறார்கள். பிளை என்பது தாள் அடுக்கு, ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை, பி.எஃப். என்பது தாள் வெடிக்கும் அழுத்தத்தை அந்த எடையால் வகுத்து ஆயிரத்தால் பெருக்கிப் பெறும் எண். 150 ஜி.எஸ்.எம்., 18 பி.எஃப். தாள் ஒரு சதுர செண்டிமீட்டருக்கு 2.7 கிலோ அழுத்தத்தில் வெடிக்கும் என்று இவற்றிலிருந்து அறியலாம். ஆனால் எட்டுப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடிப்பெட்டி நிற்குமா, சரியுமா என்பதை இந்த இரண்டு எண்களும் சொல்லமாட்டா. தாள் வெடிப்பது அதன் இழுவலிமையைச் சார்ந்தது. அடுக்கைத் தாங்குவதோ அட்டையின் அமுக்க வலிமையையும் விறைப்பையும் சார்ந்தது. அமெரிக்கச் சரக்குப் போக்குவரத்து விதிகள் 1991-இலேயே வெடிப்புச் சோதனைக்கு மாற்றாக, அட்டையை நிமிர்த்தி நிறுத்தி விளிம்பில் அமுக்கிப் பார்க்கும் விளிம்பு அமுக்கச் சோதனையை ஏற்றுக்கொண்டுவிட்டன. நம் ஊர் ஆர்டர் படிவங்கள்தாம் பி.எஃப்.-ஐ விட்டு நகர மறுக்கின்றன.

இந்த இடைவெளியை நிரப்பும் சேவை ஒன்றை அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஓர் ஆலோசனை நிறுவனம் நடத்துகிறது. நாம் வாங்கும் அட்டையின் மாதிரிகளைக் கொடுத்தால், அவற்றைச் சோதித்து, ஒவ்வொரு தாளின் பண்புகளிலிருந்தும் முழு அட்டையின் வளைவு விறைப்பையும் (வளைக்கும்போது அட்டை தரும் எதிர்ப்பு) சறுக்கு விறைப்பையும் (வெளித் தாள்கள் ஒன்றுக்கொன்று நகர முயலும்போது நடுவில் உள்ள நெளி தரும் எதிர்ப்பு) கணினியில் கணக்கிட்டு, அந்த அட்டையில் செய்த பெட்டி எவ்வளவு சுமையில் தளரும் என்று அறிக்கை தருகிறார்கள். மசாலாப் பொடியும் ஊறுகாயும் தயாரித்து உள்நாட்டுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் அனுப்பும் ஒரு நிறுவனத்தில் பேக்கிங் பிரிவைக் கவனிப்பவன் என்ற முறையில், எங்கள் இரண்டு பெட்டி வகைகளுக்கு இச்சேவையைப் பயன்படுத்தினேன். எங்கள் ஒப்பந்தம் தொடர்வதாலும், கீழே சில குறைகளைச் சொல்லப்போவதாலும், நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். இத்தகைய சேவையை வேறெங்கு நாடினாலும் எதைக் கேட்டுப் பெற வேண்டும் என்பதற்கு இந்த மதிப்புரை பயன்படும்.

மாதிரி எடுக்கும் விதத்திலேயே அவர்கள்மீது நம்பிக்கை வந்தது. மடிக்காத ஷீட், அச்சிட்டு மடித்த பெட்டி இரண்டையும் கேட்டு வாங்கி, நெளி ஓடும் திசையிலும் அதற்குக் குறுக்கேயும் தனித்தனிப் பட்டைகளாக இரட்டை அலகுக் கத்தியால் வெட்டினார்கள். வெட்டும்போது விளிம்பு சற்று நசுங்கினாலும் விளிம்பு அமுக்கச் சோதனையின் எண் இறங்கிவிடும் என்பதால், சாதாரணக் கட்டரை அங்கு யாரும் தொடுவதில்லை. அமுக்கச் சோதனை ஐ.எஸ்.ஓ. 3037-இன்படியும், வளைவுச் சோதனை ஐ.எஸ்.ஓ. 5628-இன் நான்கு புள்ளி முறையிலும் நடந்தது. பட்டையை இரு முனைகளின் அருகே தாங்கி, நடுவில் ஒரே இடத்தில் அழுத்தினால், அழுத்தும் இடத்தில் நெளி நசுங்குவதும் நடு அடுக்கு சறுக்குவதும் தொய்வோடு சேர்ந்துகொள்ளும். அட்டை உண்மையில் இருப்பதைவிடத் தொய்வானது என்று கருவி சொல்லிவிடும். இரண்டு இடங்களில் அழுத்தினால் அவற்றுக்கு இடைப்பட்ட பகுதியில் சறுக்கு விசை இருக்காது. ஆகவே அங்கே அளக்கும் தொய்வு முழுக்க வளைவால் வருவது. இந்த வேறுபாட்டை எங்களுக்குப் பொறுமையாக விளக்கியவர் அங்குள்ள இளம் பொறியாளர் ஒருவர். அறிக்கையைவிட அவருடைய விளக்கமே எங்களுக்குக் கூடுதலாகப் பயன்பட்டது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

நெளியட்டையின் விறைப்பு எங்கிருந்து வருகிறது என்பது கணக்குப் போட்டால் எளிதில் புலப்படும். வெளித் தாள்கள் இரண்டும் வளைவைத் தாங்குகின்றன. நடுவில் உள்ள நெளித் தாளின் முதன்மையான வேலை அவற்றை விலக்கி நிறுத்துவது. தாள்கள் மெல்லியவை என்று கொண்டால், வளைவு விறைப்பு தாளின் மீள்குணகத்துக்கும் (இழுத்தால் நீளாமல் எதிர்க்கும் அளவு) தடிமனுக்கும் நேர் விகிதத்திலும், இரு தாள்களுக்கும் இடைப்பட்ட தூரத்தின் இருமடிக்கு நேர் விகிதத்திலும் அமையும். பட்டறைகளில் நேரோ புளூட் என்று அழைக்கப்படும் பி வகையின் நெளி உயரம் சுமார் 2.5 மி.மீ.; சி வகையினுடையது சுமார் 3.6 மி.மீ. ஒரே வெளித் தாள்களை வைத்துக்கொண்டு பி-யிலிருந்து சி-க்கு மாறினால் வளைவு விறைப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகும். ஒரு மீட்டர் அட்டைக்கு பி நெளி 1.33 மீட்டர் தாளையும் சி நெளி 1.43 மீட்டர் தாளையும் எடுத்துக்கொள்கிறது என்று வைத்தால், 150 ஜி.எஸ்.எம். வெளித் தாள்களும் 120 ஜி.எஸ்.எம். நெளித் தாளும் கொண்ட மூன்று பிளை அட்டையின் தாள் எடை 460-இலிருந்து 472-ஆக உயரும். மூன்று விழுக்காட்டுக்கும் குறைவான தாளைக் கூட்டி இரட்டிப்பு விறைப்பைப் பெறலாம் என்றால், எல்லாரும் சி-க்கு மாறிவிடலாமே என்று தோன்றும். ஆனால் ஒரு மீட்டரில் பி வகைக்குச் சுமார் 154 நெளிகளும் சி வகைக்குச் சுமார் 128 நெளிகளும் வருவதால், மேலிருந்து தட்டையாக நசுக்கும் விசையை பி நன்றாகத் தாங்கும். அச்சும் அதன்மீது தெளிவாக விழும். அச்சு உருளைக்கு அடியில் நெளி என்ன ஆகிறது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

எங்கள் மசாலாப் பெட்டிக்கு அவர்கள் தந்த பரிந்துரைகளில் மிகவும் பிடித்தது இந்தக் கணக்கிலிருந்து பிறந்ததுதான். ஐந்து பிளை அட்டையில் மூன்று சமதளத் தாள்கள் உள்ளன: வெளியே ஒன்று, உள்ளே ஒன்று, இரண்டு நெளிகளுக்கும் நடுவில் ஒன்று. நேரடி அமுக்கத்தில் மூன்றும் தத்தம் பங்கைத் தாங்கும்; எது எங்கே இருக்கிறது என்பது அங்கே முக்கியமில்லை. வளைவிலோ நடுத் தாள் அட்டையின் நடுக்கோட்டை ஒட்டி இருப்பதால் அதன் பங்கு மிகச் சிறியது. ஆகவே நடுத் தாளின் எடையைக் குறைத்து, குறைத்த எடையை இரு புறத் தாள்களுக்கும் கொடுத்தால், வாங்கும் தாளின் மொத்த எடை மாறாமலேயே விறைப்பு கூடும். அதைப் பரிந்துரைத்ததோடு, நடுத் தாளை எந்த அளவுக்குக் கீழே குறைக்கக் கூடாது என்றும் எல்லை குறித்திருந்தார்கள். மெல்லிய தாள் இரண்டு நெளி முகடுகளுக்கு நடுவே தனியாகச் சுருங்கி மடிந்துவிட்டால், முழுப் பலகையும் வளைவதற்கு முன்பே அந்தத் தாள் சுமையைக் கைவிட்டுவிடும். கணினி மாதிரி இதைத் தனியாகச் சோதிக்கிறது. பெட்டி உற்பத்தியாளர்கள் யாரும் எங்களிடம் இதுவரை பேசியிராத விஷயம் இது.

விறைப்பிலிருந்து பெட்டியின் வலிமைக்குப் போகும் பாதை மெக்கீ சூத்திரம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஆப்பிள்டன் நகரில் இருந்த தாள் வேதியியல் ஆய்வு நிறுவனத்தில் மெக்கீயும் அவருடைய சகாக்கள் இருவரும் 1963-இல் வெளியிட்ட இச்சூத்திரம் இன்றும் அட்டைப்பெட்டித் தொழிலில் பரவலாகப் புழங்குகிறது. சுமை ஏறும்போது பெட்டிச் சுவரின் நடுப்பகுதி முதலில் வெளியே பிதுங்கும். அதன்பின் சுமை மூலைகளை நோக்கி நகரும். மூலைகள் நசுங்கும்போதுதான் பெட்டி வீழும். எனவே இறுதி வலிமையில் விளிம்பு அமுக்க வலிமைக்கும் வளைவு விறைப்புக்கும் பங்குண்டு. சூத்திரத்தில் முதலாவது 0.746 அடுக்குக்குறியிலும், இரு திசை விறைப்புகளின் பெருக்குச் சராசரி 0.254 அடுக்குக்குறியிலும், பெட்டியின் சுற்றளவு 0.492 அடுக்குக்குறியிலும் வருகின்றன. விறைப்பு பாதியாகக் குறைந்தால் பெட்டி வலிமையில் சுமார் 16 விழுக்காடு போகும் என்று இதிலிருந்து கணக்கிடலாம். பலர் பயன்படுத்தும் சுருக்க வடிவத்தில் விறைப்பே கண்ணுக்குத் தெரியாது: விளிம்பு அமுக்க வலிமையை, அட்டைத் தடிமன், சுற்றளவு இரண்டின் பெருக்கற்பலனுடைய வர்க்கமூலத்தால் பெருக்கி, மேலும் 5.87-ஆல் பெருக்கினால் போதும். விறைப்பு அமுக்க வலிமையோடும் தடிமனின் இருமடியோடும் சேர்ந்தே உயரும் என்று கருதிக்கொண்டால் முதல் இரண்டு அடுக்குக்குறிகளும் கூடி ஒன்றாகின்றன. தடிமன் ஏறத்தாழ அரை அடுக்குக்குறிக்கு வந்துவிடுகிறது. இந்தக் கருத்து பொருந்தும் வரையில் சுருக்க வடிவம் சரி. அட்டை நசுங்கிய நிலையில் அது பொருந்தாது.

இன்னொரு வரம்பும் உண்டு. பெட்டியின் உயரம் அதன் சுற்றளவில் ஏழில் ஒரு பங்குக்குக் குறைந்தால் மெக்கீ சூத்திரத்தை நம்பக் கூடாது. எங்கள் ஊறுகாய்ப் பெட்டி ஒரே அடுக்குப் பாட்டில்களுக்கானது. சுற்றளவு 1400 மி.மீ., உயரம் 150 மி.மீ. மட்டுமே. இதைக் கண்டவுடன் சூத்திரத்தை ஒதுக்கிவிட்டு, பொருளைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணினியில் கணக்கிடும் ஃபைனைட் எலிமெண்ட் முறையில் அந்தப் பெட்டியைத் தனியாகக் கணக்கிட்டார்கள். ஒவ்வொரு நெளியையும் கணினியில் வரைந்தால் கணக்கு மிகப் பெரிதாகிவிடும் என்பதால், ஒரு நெளியின் அலைநீளத்தை மட்டும் எடுத்து, அதன் தாள்களின் இரு திசைப் பண்புகளிலிருந்து அட்டைக்குச் சமமான ஒரே தகட்டின் பண்புகளைப் பெற்று, அந்தத் தகட்டால் பெட்டியைக் கட்டுகிறார்கள். தாளில் இழைகள் இயந்திரம் ஓடும் திசையில் மிகுதியாகப் படுத்திருப்பதால், அத்திசை விறைப்பு குறுக்குத் திசை விறைப்பைப்போல இரண்டு முதல் மூன்று மடங்கு இருப்பது வழக்கம். பெட்டியிலோ சுமை குறுக்குத் திசையில்தான் இறங்குகிறது. இரு திசைகளுக்கும் ஒரே எண்ணைப் போடும் மாதிரியால் பயனில்லை. நடு அடுக்கின் சறுக்கு விறைப்பையும் இவர்கள் மாதிரியில் சேர்த்திருப்பது இந்தச் சேவையின் மிகப் பெரிய பலம் என்பேன்.

அதன் பயன் அச்சுப் பகுதியில் தெரிந்தது. அச்சு ஓடிய இடத்தில் வெட்டிய பட்டையையும் அச்சு ஓடாத இடத்தில் வெட்டிய பட்டையையும் உருப்பெருக்கியின் கீழ் அருகருகே வைத்துக் காட்டினார்கள். அச்சு ஓடாததில் நெளிகள் இரு புறமும் ஒரே சாய்வில் ஏறி இறங்கின. அச்சு ஓடியதில் ஒவ்வொரு நெளியும் முகட்டுக்குச் சற்றுக் கீழே ஒரு பக்கம் மட்டும் மடிந்து, வரிசை முழுவதும் ஒரே புறமாகச் சாய்ந்திருந்தது. மடிந்த இடத்தில் மெல்லிய கோடு ஒன்று தெரிந்தது. தடிமன் அளவியில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடில்லை. உருளையைக் கடந்ததும் நெளி பெரும்பாலும் மீண்டெழுந்துவிடுவதால் அந்தச் சோதனையில் குற்றம் பிடிபடாது. செங்குத்துச் சுமையைத் தாங்கும் தாள் அப்படியே இருப்பதால் விளிம்பு அமுக்கச் சோதனையும் அதை அவ்வளவாகக் காட்டாது. மடிந்த இடங்கள் கீல்களாகிவிடுவதால் குறைவது சறுக்கு விறைப்பு. பட்டையை இரு கைகளாலும் பிடித்து முறுக்கிப் பார்த்தாலே அச்சு ஓடியது எளிதில் விட்டுக்கொடுப்பது தெரிந்தது. முறுக்குச் சோதனையின் எண்ணும் அதையே சொன்னது.

எங்கள் பெட்டி உற்பத்தியாளரின் பட்டறைக்கே அந்தப் பொறியாளர் நேரில் வந்தார். "மேடம், அழுத்தத்தைக் குறைச்சா மை சரியா ஏறாதுங்க, அப்புறம் இவங்களே லோடைத் திருப்பி அனுப்பிடுவாங்க" என்று ஃபோர்மேன் என்னைக் காட்டிச் சொன்னார். "மை ஏறட்டும் அண்ணா. பிளேட்டுக்கு அடியில குஷன் ஷீட் போட்டுப் பாருங்க, ஃபீடு ரோலர் இடைவெளியையும் இந்த அட்டைத் தடிமனுக்கு ஏத்த மாதிரி வெச்சுக்கலாம்" என்று அவர் பதில் சொன்னார். அதன்படி செய்து எடுத்த மாதிரிகளில் நெளியின் சாய்வு கண்கூடாகக் குறைந்தது. சோதனைக்கூடத்தை விட்டு வெளியே வந்து இயந்திரத்தின் பக்கத்தில் நின்று பேசும் ஆலோசகர் கிடைப்பது அரிது.

இனி குறைகள். அறிக்கையில் உள்ள எல்லா எண்களும் 23 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 50 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள அறையில் பதப்படுத்திய மாதிரிகளிலிருந்து வந்தவை. ஏற்றுமதி வாடிக்கையாளர் கேட்பது அதுதான் என்பதால் அதில் தவறில்லை. ஆனால் இந்தியச் சூழலுக்கென உள்ள 27 டிகிரி, 65 விழுக்காடு என்ற நிலையில்கூட ஓர் எண்ணும் இல்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மாதவரம் பக்கத்துக் கிடங்குகளில் காலை நேர ஈரப்பதம் எப்படி இருக்கும் என்பதைச் சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவின் ஃபைபர் பாக்ஸ் அசோசியேஷன் வெளியிட்டுள்ள பெருக்கெண்களின்படி, 50 விழுக்காடு ஈரப்பதத்தில் உள்ள வலிமையில் 80 விழுக்காட்டில் 0.68 பங்கும், 90 விழுக்காட்டில் 0.48 பங்கும்தான் மிஞ்சும். சுமையைத் தொடர்ந்து தாங்கிக்கொண்டிருக்கும் பெட்டியிடம் 90 நாளில் 0.55 பங்கு மிஞ்சும்.

எங்கள் மசாலாப் பெட்டியை ஒட்டிய அளவுகளில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். நீளம் 400, அகலம் 300, உயரம் 300 மி.மீ.; அட்டைத் தடிமன் 6.5 மி.மீ.; விளிம்பு அமுக்க வலிமை ஒரு மில்லிமீட்டருக்கு 7 நியூட்டன் என்று கொள்வோம். சுருக்கச் சூத்திரம் ஏறத்தாழ 3920 நியூட்டன், அதாவது சுமார் 400 கிலோ எடை என்று விடை தரும். 12 கிலோப் பெட்டிகளை எட்டு உயரம் அடுக்கினால் அடிப்பெட்டியின் தலையில் 84 கிலோ. நான்கு மடங்குக்கு மேல் இருப்பு இருக்கிறது என்று அறிக்கை மகிழ்ச்சியோடு முடிந்துவிடும். மூன்று மாதக் கிடங்கு வாசத்தைச் சேர்த்தால் 400 என்பது 220 ஆகும். 90 விழுக்காடு ஈரப்பதத்தையும் சேர்த்தால் 106 ஆகும். இதற்கு மேல், அடுக்கு சரியாமல் இருக்கட்டும் என்று கிடங்கில் பெட்டிகளைச் செங்கல் கட்டுவதுபோல் மாற்றி மாற்றி அடுக்கினால், மூலைக்கு மேல் மூலை அமையாமல் வலிமையில் பாதி போவது சாதாரணம். 53 கிலோதான் மிஞ்சும். மேலே இருப்பதோ 84. மசாலாப் பாக்கெட்டுகள் மென்மையானவை, சுமையில் பங்கெடுக்காது. மழைக்காலத்தில் எங்கள் அடுக்குகளின் அடிவரிசை ஏன் பிதுங்கியது என்பதற்கு இந்த நான்கு வரிக் கணக்கே விடை சொல்லிவிடுகிறது. இத்தனை நுட்பமாகச் சறுக்கு விறைப்பை அளப்பவர்கள் இதைப் பின்னிணைப்பாகக்கூடச் சேர்க்காதது ஏமாற்றம் அளித்தது. மேலும் ஈரத்தில் எல்லா விறைப்பும் ஒரே விகிதத்தில் குறையும் என்று கொள்வதும் தோராயமே. ஸ்டார்ச் பசையின் தரம், மறுசுழற்சித் தாளின் தன்மை ஆகியவற்றைப் பொறுத்து அது மாறும் என்பதால், ஈர நிலையில் நேரடியாகச் சோதிப்பதே முறை.

இரண்டாவது குறை ஊறுகாய்ப் பெட்டியைப் பற்றியது. பெட்டி எந்தச் சுமையில் வீழும் என்ற அவர்களுடைய கணிப்பு அமுக்க இயந்திரத்தில் கண்ட எண்ணுக்கு அருகிலேயே இருந்தது. ஆனால் வீழ்வதற்கு முன் எவ்வளவு அமிழும் என்ற கணிப்பு உண்மையைவிட மிகக் குறைவாக இருந்தது. மேலும் கீழும் உள்ள மடிப்புக் கோடுகளில் அட்டை ஏற்கெனவே நசுக்கப்பட்டிருக்கிறது. சுமை ஏறும்போது முதலில் அமிழ்வது அந்த இடங்கள்தாம். மாதிரியில் சுவர்கள் நேராக நின்று சுமையை வாங்குவதாக வைத்திருந்ததால் பெட்டி நிஜத்தைவிட விறைப்பாகத் தெரிந்தது. மசாலாப் பெட்டிக்கு இது பொருட்டல்ல. கண்ணாடிப் பாட்டில் பெட்டிக்கோ, மூடிக்கும் பெட்டியின் மேற்பரப்புக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பதை இந்த எண்ணே தீர்மானிக்கிறது. இடைவெளி தீர்ந்ததும் சுமை பாட்டிலுக்குப் போய்விடும். இதைச் சுட்டிக்காட்டியபோது மறுக்காமல் ஒப்புக்கொண்டு, மடிப்புக் கோட்டுக்குத் தனி விறைப்பைச் சேர்த்துத் திருத்திய அறிக்கையைக் கூடுதல் கட்டணமின்றித் தந்தார்கள்.

மற்றவை சிறியவை. அறிக்கை ஆங்கிலத்தில் மட்டுமே வருகிறது. பட்டறைக்குத் தேவையான இரண்டு பக்கச் சுருக்கத்தையாவது தமிழில் தரலாம். கைப்பிடித் துளைகளின் பாதிப்பைத் தனியாகக் கேட்டால்தான் கணக்கிடுகிறார்கள். கட்டணம் நடுத்தர நிறுவனத்துக்குக் கட்டுப்படியாகும்; சொன்ன தேதியில் அறிக்கை வந்துசேர்ந்தது. மாதம் சில நூறு பெட்டிகள் மட்டும் வாங்குவோருக்கு இது தேவைப்படாது. உற்பத்தியாளரிடம் விளிம்பு அமுக்க எண்ணைக் கேட்டு வாங்கி, மேலே காட்டிய கணக்கைத் தாமே போட்டுக்கொண்டால் போதும். பேலட்டில் உயரமாக அடுக்கி அனுப்புவோரும், கன்டெய்னரில் ஏற்றுமதி செய்வோரும், அச்சு மிகுந்த பெட்டி பயன்படுத்துவோரும் தயங்காமல் நாடலாம். அப்படி நாடும்போது அச்சிட்ட பெட்டியிலிருந்தே மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். வளைவு விறைப்போடு சறுக்கு விறைப்பையும் அறிக்கையில் தனி எண்ணாகக் கேளுங்கள். ஈர நிலைச் சோதனையை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் அடுத்த ஆர்டருக்கு 90 விழுக்காடு ஈரப்பதத்தில் பதப்படுத்திய மாதிரிகளையும் சோதிக்கச் சம்மதித்திருக்கிறார்கள். அதற்கான கட்டண விவரம் இன்னும் வரவில்லை.